கதவோரத்துப் பச்சை

அண்ணை,

கடற்கரையிலிருந்து பெயிண்ட் மணம் வருகிறது. திருநாளுக்குக் கொடி ஏறுவதற்கு முன்னால் வள்ளங்களுக்கு நிறம் அடித்து முடித்துவிட வேண்டும் என்று ஊரே ஒரே நேரத்தில் தகரங்களைத் திறந்து வைத்திருக்கிறது. வழக்கமான கருவாட்டு மணம்கூட இன்றைக்குத் தோற்றுப்போய்விட்டது. யன்னலைச் சாத்திப் பார்த்தேன். சாத்தினாலும் வருகிறது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் என் கை தானாக ஒரு மூடியைத் தேடுகிறது. "மூடியைப் போடு பிள்ளை, காத்துப் பட்டா இறுகிப் போகும்" என்று நீங்கள் உள்ளறையிலிருந்து சத்தம் போடவேண்டிய நேரம் இது. சத்தம் இல்லை. சத்தமில்லாத வீட்டில்தான் களைப்பு நன்றாகத் தெரிகிறது.

உங்கள் மகன் ஜூட் திருநாளுக்கு வருகிறான். போன மாதம் பிரான்சிலிருந்து கதைத்தபோதே சொல்லிவிட்டான். "மாமி, அப்பாவின்ர காரை நான் கொண்டுபோகப் போறன். முடிஞ்சுதோ?" என்று கேட்டான். "முடியுது" என்றேன். அந்தக் கையளவு கார் அப்போது முடிகிற நிலையில் இல்லை. உள்ளே எல்லாம் தயாராகி, வெளியே வெறும் சாம்பல் நிற அண்டர்கோட்டோடு அலுமாரிக்கு மேல் கவிழ்த்த சட்டிக்குள் கிடந்தது. என்ன நிறம் அடிப்பது என்பதில் நீங்களும் நானும் கடைசிவரை ஒத்துப்போகவில்லையே. நான் ஒருத்தியாக முடிவெடுக்க வேண்டியதாகிவிட்டது.

இப்போது அது நுளம்பு வலைக்குள் காய்ந்துகொண்டிருக்கிறது. என்ன நிறம் அடித்தாய் என்று நீங்கள் துடித்துக்கொண்டு கேட்பீர்கள். பொறுங்கோ. எதற்கெடுத்தாலும் "காயவிடு" என்று எனக்குச் சொன்னவர் நீங்கள்தானே. கொஞ்சம் காயட்டும்.

நீங்கள் இந்த வீட்டுக்கு வந்துசேர்ந்தபோது எனக்கு ஓய்வு கிடைத்து ஒரு மழைக்காலம்தான் கழிந்திருந்தது. காலமெல்லாம் தாதியாக ஆசுப்பத்திரி வாட்டில் நின்ற கால்கள். இனிப் படுத்து நித்திரை கொள்வது ஒன்றுதான் வேலை என்று நினைத்திருந்தேன். அண்ணி கண்மூடி, பிறகு உங்களுக்குப் பாரிசவாதம் வந்து, வலது கையைச் செத்த மீன் மாதிரி மடியில் போட்டுக்கொண்டு நீங்கள் வாசலில் வந்து இறங்கினீர்கள். "மிஸிக்கு வீட்டிலயும் வாட்" என்று ஊரில் பகிடி விட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களுக்கும் அது தெரியும். கொஞ்ச நாட்கள் கதிரையில் இருந்தபடி முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்த நத்தார்ப் பண்டிகைக்குத்தான் ஜூட் முதல் பெட்டியை அனுப்பினான். விரல்களுக்குப் பயிற்சியாக இருக்கும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பெட்டியின் மேல் சிவப்பு நிற ஓட்டப்பந்தயக் கார் பாய்ந்துகொண்டிருந்தது. திறந்தால் உள்ளே சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக். ஒவ்வொரு சட்டத்திலும் சில்லு, கதவு, பம்பர் என்று குட்டிக் குட்டித் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. "இதென்ன, மீன் முள்ளை அனுப்பியிருக்கிறான்" என்றீர்கள். இடது கையால் ஒரு துண்டை முறிக்கப் பார்த்தீர்கள். அது தெறித்து, முற்றத்தில் மேய்ந்த அயல்வீட்டுக் கோழிகளுக்குள் போய் விழுந்தது. தேடி எடுத்தேன். இரண்டாவதும் தெறித்தது. பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"நீ ஊசி போட்ட கைதானே. இங்க வந்து பிடி."

"எனக்கு வேற வேலை இல்லையோ அண்ணை?"

"என்ன வேலை? நித்திரைதானே. அதைப் பிறகும் கொள்ளலாம்."

அப்படித்தான் நான் உங்கள் வலது கையானேன். நான் விரும்பி வந்த பொழுதுபோக்கு இல்லை இது. அதை ஜூட்டிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நோகாத உடம்புக்கு நான் வேலை செய்தது அதுதான் முதல் தடவை. பிளாஸ்டிக் கத்துவதில்லை, வாந்தி எடுப்பதில்லை, நான் திரும்பும்போது செத்துப்போவதுமில்லை.

முதல் காரைப் பாழாக்கினோம். சோளகக் காற்று அடிக்கிற மாதத்தில், முற்றத்தில் மேசை போட்டுச் சிவப்புப் பெயிண்ட் அடிக்கிற புத்தி வேறு யாருக்கு வரும்? காலையில் எடுத்துப் பார்த்தால் கார் சீனி தூவின பணிஸ் மாதிரி மணல் அப்பிக் கிடந்தது. நீங்கள் கோபப்படவில்லை. "மன்னார்க் கார் மன்னார்க் காராத்தான் இருக்கும்" என்று சிரித்தீர்கள். எனக்குத்தான் தாங்கவில்லை. அடுத்த காருக்கு நிலத்தில் தண்ணீர் தெளித்து, உங்கள் கட்டிலுக்கு மேல் இருந்த நுளம்பு வலையை இறக்கி, அதற்குள் சின்ன மேசையை வைத்தேன். பட்டப்பகலில் நுளம்பு வலைக்குள் இரண்டு கிழடுகள் தலையை முட்டிக்கொண்டு குந்தியிருந்த கோலத்தைக் கண்டு மீன்காரன் சைக்கிளை நிறுத்திவிட்டு, "மிஸி, அண்ணைக்கு டெங்கே?" என்று கேட்டது நினைவிருக்கிறதா?

என் அலுமாரியில் கிடந்ததெல்லாம் உங்களுக்குச் சாமானாகிவிட்டது. பெயிண்ட் அளக்க ஊசிக்குழாய். கலக்கப் பாணிமருந்துப் போத்தல் மூடி. பம்பருக்கும் விளக்கு வளையத்துக்கும் நான் குளிசைப் பட்டையின் வெள்ளித்தாளைத் தேய்த்து ஒட்டினேன். ஜூட் அனுப்பிய வெள்ளிப் பெயிண்ட்டைவிட அது நன்றாக மினுங்கியது. உங்கள் பிரஷர் குளிசைகள் முடிகிற வேகத்தில்தான் நம் கார்களுக்குப் பம்பர் கிடைத்தது. சில்லுக்கு நான் பளபளவென்று கறுப்பு அடித்த அன்று மட்டும் நன்றாக ஏசினீர்கள். "ரயர் மினுங்குமே? சவப்பெட்டிதான் மினுங்கும். சாம்பல் கல, மணல் கல." உங்கள் வாய் சொல்லும், என் கை செய்யும். வாய்க்குக் களைப்பு வராது என்று நான் முணுமுணுப்பேன். ஒரு பூச்சு முடிந்ததும் அடுத்ததை அடிக்க அவசரப்படுவேன், முடித்துவிட்டுப் படுக்கலாம் என்று. "காயவிடு பிள்ளை" என்பீர்கள். பெயிண்ட்டுக்கு மட்டுமில்லை. பக்கத்து வீட்டோடு வேலித் தகராறு வந்தபோதும் அதே சொல்தான், ஜூட்டும் மனைவியும் கொஞ்ச நாள் கதைக்காமல் இருந்தபோதும் அதே சொல்தான்.

பிறகு அந்தப் பெட்டி வந்தது. ஜூட் எங்கோ பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்திருந்தான். மூடியில் இருந்த படத்தைக் கண்டதும் நீங்கள் எழுந்து நிற்கப் பார்த்தீர்கள். ஏ-ஃபோர்ட்டி. நம் அப்பா வாடகைக்கு ஓட்டிய கார்.

தலைமன்னார் இறங்குதுறைப் பாலத்தில் கப்பல் வருகிற நாட்களில் அப்பா அங்கே போய் நிற்பார். மற்ற நாட்களில் கலியாணம், பிள்ளைப்பேறு, மடுத் திருவிழா. நம் ஊர் பேசாலையில் பாதிப்பேர் அந்தக் காரில் ஏறித்தான் பிறக்கப் போனார்கள் என்று நீங்கள் ஜூட்டுக்கு அளப்பீர்கள். அளப்பு என்றாலும் பெரிய பொய்யில்லை. உப்புக் காற்று அந்தக் காரை அடியிலிருந்து தின்றது. அப்பா மேலிருந்து பெயிண்ட் அடித்து ஈடுகொடுத்தார்.

நீங்கள் சவுதிக்குப் போவதற்கு முதல் வாரம் அதற்குப் பச்சை அடித்த கதையை எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! நான் அப்போது கொழும்பில் தாதிப் படிப்பில் இருந்தேன். அதனால் முதல் தரம் ஆவலாகக் கேட்டேன். பிறகெல்லாம் கேட்கிற மாதிரி இருந்தேன். சித்தப்பாவின் வள்ளத்துக்கு வாங்கி மிஞ்சிய பச்சை. தூரிகையிலிருந்து மயிர் உதிர்ந்து உதிர்ந்து பெயிண்ட்டில் ஒட்டியது. அப்பா ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். நடுவில் எஞ்சினை மூடும் பொனற்றில் இரண்டு பேரின் தூரிகையும் முட்டிக்கொண்ட இடத்தில் அப்பா நிறுத்திவிட்டு, "போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடு" என்றாராம். அவ்வளவுதான். உங்களுக்கு அப்பாவோடு இருந்த கடைசிக் கதை அது. பிறகு நீங்கள் அவரைக் காணவேயில்லை.

அதனால்தான் அண்டர்கோட் காய்ந்த அன்று நீங்கள் வேறு யோசனையே இல்லாமல் பச்சை மூடியைத் திறக்கச் சொன்னீர்கள். நானும் யோசிக்காமல்தான் சொன்னேன்.

"அண்ணை, கார் வெள்ளையெல்லே?"

"எந்தக் கார்?"

"அப்பாவின்ர கார். வெள்ளை. மேல சிவப்புக் குருசு."

"உனக்கென்ன விசரே? அது பச்சைக் கார். ஊரில ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம்."

"கேளுங்கோவன்."

கேட்டும் பார்த்தீர்கள். வாசலால் போன ஒருவரையும் விடவில்லை. உங்கள் வயதுக்காரர் எல்லாரும் பச்சை என்றார்கள். என் வயதுக்காரரும் கீழே உள்ளவர்களும் வெள்ளை என்றார்கள். மீன்காரன் மட்டும் இரண்டு பக்கத்தையும் பகைக்காமல் நீலம் என்று சொல்லிவிட்டுப் போனான். தேர்தல் மாதிரி ஆகிவிட்டது வீடு.

எனக்கு அது விளையாட்டாக இல்லை, அண்ணை. நீங்கள் போய் இரண்டு மூன்று வருடத்தில் சண்டை தொடங்கி நாடு வேறு நாடாகிவிட்டது. மன்னார் ஆசுப்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் பயம். அம்புலன்ஸ் வராத இடங்களிலிருந்து ஆட்களை அப்பாதான் ஏற்றினார். வேலை இல்லாத நாளிலும் நான் பின்சீற்றில் சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போவேன். மேலே ஹெலி சுற்றும். பச்சைக் கார் பற்றைக்குள் ஒளிந்து போகிற மாதிரித் தெரியும் என்று எனக்குப் பட்டது. வெள்ளை அடியுங்கோ அப்பா, மேலே குருசு போடுங்கோ, நோயாளி என்று தெரியட்டும் என்று சொன்னது நான்தான். ஆசுப்பத்திரிக் கட்டில்களுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளையைக் கொண்டுவந்து கொடுத்ததும் நான்தான். அந்த வெள்ளைக் காரில் என் மடியில் பிள்ளை பிறந்திருக்கிறது. என் மடியில் ஆட்கள் செத்துமிருக்கிறார்கள். அந்தக் காரைப் பச்சை என்று ஒருவர் கதிரையில் இருந்துகொண்டு சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

அன்றைக்கு வலைக்குள் வெக்கை. நீங்கள் மூன்றாம் தரமும் பச்சை என்றீர்கள். "என்ர கையால அடிச்ச பெயிண்ட், எனக்குத் தெரியாதே?" என்றீர்கள்.

"நீங்கள் அங்க இருக்கேல்லை, அண்ணை" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் நீங்கள் வலையை விலக்கிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துத் தனியே எழுந்து போனீர்கள். நான் சொன்னது பொய்யில்லை. இப்போதும் சொல்வேன். அப்பா என்னோடு இந்தியாவுக்கு வள்ளம் ஏறியபோது நீங்கள் இல்லை. காரைக் கடற்கரையில் பூட்டிவிட்டு, திரும்பி வருவேன் என்று சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டபோது இல்லை. மண்டபம் அகதி முகாமில் அந்தச் சாவியோடேயே அவர் கண்மூடியபோதும் இல்லை. உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. அது உங்கள் குற்றமில்லை என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் தூக்கியது நான். துடைத்தது நான். அடக்கம் பண்ணியது நான். யாரோ ஒருவருக்கு அதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. வீட்டில் நீங்கள்தான் இருந்தீர்கள்.

சில நாட்கள் கழித்து நீங்கள் வலைக்குள் திரும்பி வந்தீர்கள். நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. "முதல்ல உள்வேலையை முடிப்பம்" என்றீர்கள். அப்படிச் சொல்லிச் சொல்லியே நாங்கள் அந்தக் காரின் உள்ளுக்குச் செய்யாதது ஒன்றுமில்லை. சீற்றின் சிவப்பு றெக்சினில் அப்பாவின் முதுகு தேய்த்த இடத்தைக்கூடச் செய்தோம். அதற்கு மட்டும் மூன்று சிவப்பு வேண்டும் என்று அடம்பிடித்தீர்கள். கண்ணாடியில் தொங்கும் செபமாலைக்குத் தையல் நூலில் முடிச்சுப் போட்டேன். காலடியில் மிதியடிக்கு அரத்தாள். பின்கதவின் உட்புறக் கைபிடி உடைந்து அப்பா ஒரு பித்தளை அலுமாரிக் கைபிடியைப் பூட்டியிருந்தார் அல்லவா, இடது பக்கம்? அதை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அந்த ஒரு இடத்தில்தான் ஒத்துப்போனோம். செப்புக் கம்பியை வளைத்து அதைச் செய்தேன். வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது. கதவுகள் உடம்போடு ஒன்றாக வார்த்தவை, திறக்காது. "தெரியாட்டி என்ன, அங்க இருக்குத்தானே" என்றீர்கள்.

உள்ளே அவ்வளவும் முடிந்தது. வெளியே சாம்பல். இனி உடம்புதான் என்ற நிலை வந்ததும் இரண்டு பேருமே மேசைப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டோம். நான் முழங்கால் நோ என்றேன். நீங்கள் கண் கூசுது என்றீர்கள். காரைச் சட்டியால் கவிழ்த்து அலுமாரிக்கு மேலே வைத்தது நீங்களா நானா என்றுகூட இப்போது நினைவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், சோறு போட்டுக் கூப்பிட்டபோது நீங்கள் திரும்பவில்லை. கதிரையில் சாய்ந்திருந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை வருட வேலை! தெரியாமல் இருக்கக் கொடுத்துவைக்கவில்லை. எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஜூட் வந்து போனான், முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்தது. அழுகை வரவில்லை, நித்திரைதான் வந்தது. படுத்தால் அதுவும் போய்விட்டது.

இனித்தான் உங்களுக்குத் தெரியாத பகுதி.

ஜூட் கார் கேட்ட பிறகு நான் பல நாள் அதை இறக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மேலே வைத்தேன். பச்சை அடித்தால் நான் பட்டதெல்லாம் இல்லையென்று ஆகிவிடும். வெள்ளை அடித்தால் நீங்கள் இல்லாத நேரம் பார்த்து வென்ற மாதிரி இருக்கும். செத்த மனிதரோடு போட்டிபோட்டு வெல்வதில் என்ன இருக்கிறது? அப்படியே சாம்பலாகக் கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்திருந்தேன். அவன் ஏதாவது அடித்துக்கொள்ளட்டும்.

அந்த வாரம் திரேசம்மா அக்கா வீட்டுக்கு முட்டை வாங்கப் போனேன். பின்தெருவில், அவவின் வளவில் கோழிக்கூடு பிரித்துக் கிடந்தது. மழை வரமுன் புதுக் கிடுகு போடுகிறா. கூட்டின் பின்பக்கச் சுவராக இருந்த தகரத்தை இழுத்து வேலியில் சாத்தியிருந்தா. எச்சமும் துருவும். நான் முட்டையை எண்ணி வாங்கிக்கொண்டு திரும்பினேன். தகரத்தில் ஒரு பித்தளை அலுமாரிக் கைபிடி.

முட்டைப் பையை நிலத்தில் வைத்துவிட்டு நின்றேன். ஒரு கையால் வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன மிஸி, தலை சுத்துதே?" என்றா அக்கா.

"இது எங்கால அக்கா?"

"இதோ? இந்தியாவால திரும்பி வந்த நேரம் கடக்கரையில கிடந்தது. வேற ஒண்டும் இல்லை, கதவு மட்டும்தான். கூட்டுக்கு நல்லாயிருக்குமெண்டு கொண்டந்தனாங்கள். ஏன், ஆரின்ர இது?"

"அப்பாவின்ர."

அவ வாயில் கையை வைத்தா. "ஐயோ பிள்ளை, எனக்குத் தெரியாதே! கொண்டு போங்கோ. ஆனா கோழிக்கு இண்டைக்குப் பின்னால மறைப்பில்லை, நரி வந்தா நான் என்ன செய்ய?"

நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், அண்ணை. இவ்வளவு காலமும் அங்கேதான் நின்றிருக்கிறது. நீங்கள் வாசலில் இருந்து போவோர் வருவோரிடம் நிறம் கேட்டபோது, அது பின்தெருவில் கோழிக்கு முதுகு கொடுத்துக்கொண்டிருந்தது.

நான் அதைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அங்கேயே குந்தியிருந்து சீலைத்துண்டால் துடைத்தேன். வெளிப்பக்கம் வெள்ளை. பொருக்காகக் கழன்றாலும் வெள்ளைதான். எனக்குள் ஒரு சந்தோசம் வந்ததை மறைக்க மாட்டேன். பிறகு கதவின் ஓரத்தைத் துடைத்தேன். கதவைச் சாத்தினால் உள்ளே மறைந்துபோகிற அந்த விளிம்பு, மேலிருந்து கீழ் வரைக்கும். அங்கே வெள்ளையே படவில்லை. பச்சை. துருவுக்கு நடுவில், அடித்த அன்று இருந்த மாதிரி நல்ல பச்சை. அதில் தூரிகை மயிர் ஒன்று ஒட்டியிருந்தது.

அப்பா ஓரங்களுக்கு வெள்ளை அடிக்கவில்லை. நான் கொண்டுவந்த வெள்ளை போதாமல் போயிருக்கலாம். அவருக்கு முதுகு நொந்திருக்கலாம். வேண்டுமென்றே விட்டார் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் தெரியாததைத் தெரியும் என்று உங்களுக்கு எழுத மாட்டேன். தெரிந்தது இவ்வளவுதான்: நான் நோயாளிகளோடு ஏறி இறங்கியது அந்தப் பின்கதவால். ஒவ்வொரு தரமும் திறந்தபோது அந்தப் பச்சை என் முன்னால் நின்றிருக்கிறது. நான் போத்தலைப் பார்த்தேன், நாடியைப் பார்த்தேன், ஹெலியைப் பார்த்தேன். அதைப் பார்க்கவில்லை.

ஒரு பொருக்கை நகத்தால் பெயர்த்துக் கடதாசியில் மடித்துக்கொண்டு நேரே கடற்கரைக்குப் போனேன். வள்ளத்துக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் காட்டினேன். அவர் இரண்டு தகரத்தைக் கலந்து, பலகையில் தடவி, பொருக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "சரி. எவ்வளவு வேணும் மிஸி? உங்களுக்கும் வள்ளம் இருக்கே?" என்று கேட்டார். நான் கைப்பையிலிருந்து ஊசிக்குழாயை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தேன். அவர் தகரத்தை மூடிவிட்டுத் தன் வள்ளத்துக்குத் திரும்பினார்.

முழுக் காரையும் முதலில் பச்சையாக்கினேன். ஒரு இடமும் விடாமல். காய்ந்த பிறகு சட்டியால் மூடாமல் காரை மேசையில் வைத்துச் சில நாட்கள் பார்த்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி குடிக்கும்போது பார்த்தேன். செபம் சொல்லும்போதும் கண் அங்கேதான் போனது. நீங்கள் சொன்னது சரி, அண்ணை. வடிவான கார். அதை ஓட்டிக்கொண்டு ஒருவன் தலைமன்னார்ப் பாலத்தில் போய் இறங்கினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

பிறகு ஒரு சத்திரசிகிச்சைக் கத்தியைப் புதிதாகப் பிரித்து, பின்கதவை வெட்டினேன். நீங்கள் இருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள். ஓரம் வெடித்தால் கார் முழுக்கப் போய்விடும் என்பீர்கள். ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப, அழுத்தாமல், தோலில் கீறுகிற மாதிரிக் கீறினேன். கீழ் மூலையில் கொஞ்சம் பிளாஸ்டிக் பெயர்ந்தது. அது கிடக்கட்டும், அப்பாவின் காரிலும் சுகமான மூலை என்று ஒன்று இருந்ததில்லை. வெட்டிய இடத்துக்குப் பச்சை தடவினேன். ஊசி முனையை முறித்துப் பிணைச்சல் வைத்தேன். கதவு திறக்கிறது. உள்ளே அந்தக் கைபிடி தெரிகிறது.

அதற்கு மேல் வெள்ளை அடித்தேன். அப்பா அடித்த மாதிரியே, வெளிப்பக்கம் மட்டும். பச்சையின் மேல் முதல் கோடு இழுக்கும்போது கை நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் ஊசி குத்தும்போதுகூட அப்படி நின்றதில்லை. அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே அடித்தேன். வலைக்குள் இருந்ததால் யாரும் காணவில்லை. கடைசியாகக் கூரையில் சிவப்புக் குருசு.

ஜூட் வந்தால் வெள்ளைக் காரைக் கண்டு முகத்தைச் சுழிப்பான். பச்சை என்று நீங்கள் அவனுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறீர்கள். நான் ஒன்றும் விளக்கப்போவதில்லை. பின்கதவைத் திற என்று மட்டும் சொல்வேன்.

காரை அவன் கொண்டுபோய்விடுவான். பெரிய கதவு திரேசம்மா அக்காவிடமே இருக்கட்டும், கோழிகள் பழகிவிட்டன. எனக்கு என்று எதையும் எடுத்து வைக்கவில்லை. வலையை மடித்து வைக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான். "காயவிடு" என்கிற சத்தம் மட்டும் எதையும் தொடப்போகும்போது கேட்கிறது. கேட்டதும் கையை எடுத்துவிடுகிறேன்.

நீங்கள் அங்கே இருக்கவில்லை என்று அன்றைக்கு நான் சொன்னதை நீங்கள் அப்படியே கொண்டு போய்விட்டீர்கள். அது பொய்யில்லை என்று இப்போதும் சொல்கிறேன். ஆனால் அது பாதிதான் அண்ணை. நான் கையில் இரத்தத்தோடு திறந்த ஒவ்வொரு தரமும், அந்தக் கதவோரத்தில் நீங்கள் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறீர்கள்.

உங்கள் தங்கச்சி